பிள்ளை வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால்: சிங்கப்பூரில் காவல்துறை என்ன செய்யும், நாம் என்ன செய்யவேண்டும்

வீட்டில் தனக்கு நடக்கும் கொடுமையைப் பிள்ளைகள் நேராகக் காவல்துறையிடம் போய்ச் சொல்வது குறைவு. சித்தியிடமோ துணைப்பாட ஆசிரியரிடமோ தோழியின் அம்மாவிடமோதான் முதலில் வாய் திறக்கிறார்கள். கேட்டவருக்கு உடனே இரண்டு பயம் வருகிறது. போலிஸுக்குச் சொன்னால் அப்பாவை அன்றைக்கே உள்ளே தள்ளிவிடுவார்கள், பிள்ளையை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயம். இந்தப் பயத்தில் நாட்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் காயம் ஆறிவிடும், தொலைபேசியில் இருந்த செய்திகள் அழிக்கப்பட்டுவிடும், பிள்ளையும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடும்.

புகார் போனதும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. குற்றம் நடந்ததா, யார் செய்தது என்று காவல்துறை விசாரிக்கும். பிள்ளை இன்றிரவு எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்பதைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் பாதுகாப்புச் சேவை அதிகாரிகள் பார்ப்பார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள், முடிவு எடுப்பவர்களும் வேறு. யாரும் கைதாகாமலே பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம். ஒருவர் கைதான பிறகும் பிள்ளை தன் சொந்த வீட்டிலேயே, அம்மாவுடனேயே இருக்கலாம்.

சட்டம் யாரைப் பாதுகாக்கிறது

சிறார், இளையர் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லாரையும் பாதுகாக்கிறது. முன்பு 16 வயதோடு நின்ற இந்தப் பாதுகாப்பு 2020 ஜூலை முதல் 18 ஆக உயர்ந்தது. குடியுரிமை, நிரந்தரவாசம், சார்ந்திருப்போர் அட்டை என்ற வேறுபாடு இதில் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை என்பதே போதும்.

உடல் காயம், பாலியல் துன்புறுத்தல், மன பாதிப்பு, சாப்பாடு, மருத்துவம், மேற்பார்வை எதுவும் கொடுக்காமல் புறக்கணிப்பது, ஆபத்தில் தள்ளுவது எல்லாம் இதில் அடங்கும். பிள்ளையைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கு 8 ஆண்டு வரை சிறை, 8,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். பிள்ளை இறந்துவிட்டால் சிறை 14 ஆண்டு வரை, அபராதம் 40,000 வெள்ளி வரை போகும். பாலியல் குற்றங்களுக்குத் தண்டனைச் சட்டத்தின் கடுமையான பிரிவுகள் தனியாக உள்ளன.

"நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்ற பேச்சு நம் வீடுகளில் எப்போதும் உண்டு. பெற்றோர் பிள்ளையைக் கண்டிப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் முற்றாகத் தடை செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் காயம் எவ்வளவு, உடம்பில் எங்கே, எதனால் அடித்தார்கள், எத்தனை முறை, பிள்ளையின் வயது என்ன என்பதையெல்லாம் அதிகாரிகள் பார்ப்பார்கள். தலையிலும் முகத்திலும் அடி, பெல்ட், ஹேங்கர், சூடு வைத்தது, வாரக்கணக்கில் தொடர்ந்தது என்றால் அதைக் கண்டிப்பு என்று யாரும் ஏற்கமாட்டார்கள். இது குற்றமா இல்லையா என்று நீங்கள் தீர்மானித்துவிட்டுத்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. சந்தேகம் நியாயமானதாக இருந்தால் போதும். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரைச் சட்டம் பாதுகாக்கிறது.

பிள்ளை சொல்லும் அந்தச் சில நிமிடங்கள்

வழக்கு நிற்பதும் விழுவதும் பல நேரங்களில் இங்கேதான். பிள்ளை முதலில் யாரிடம், எந்தச் சொற்களில் சொன்னது என்பது பின்னால் நீதிமன்றத்தில் கேட்கப்படும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது, பெரியவர் யாராவது பிள்ளையின் வாயில் சொற்களைத் திணித்தாரா என்பதைத்தான்.

குறுக்கே பேசாமல் கேளுங்கள். "என்ன நடந்தது?", "அப்புறம்?" என்ற இரண்டு கேள்விகளே போதும். "அப்பா உன்னை இங்கே தொட்டாரா?" என்று பதிலை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். "ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்பதும் வேண்டாம், அது பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். யார், என்ன, ஏறக்குறைய எப்போது, இப்போது அந்த ஆள் எங்கே என்பது தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைக் கேட்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை.

பிள்ளை போன பிறகு, சொன்னதை அது பயன்படுத்திய அதே சொற்களில் எழுதி, தேதி, நேரம், இடம் குறித்து வையுங்கள். உடல் உறுப்புக்கு வீட்டுச் சொல் ஏதாவது சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள், நாகரிகமாக மாற்றாதீர்கள். "மாமா" என்று சொல்லியிருந்தால் எந்த மாமா என்று மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி வேன் ஓட்டுநர் என எல்லாருமே நம் பிள்ளைகளுக்கு மாமாதான். இந்தக் குழப்பம் வாக்குமூலத்தில் ஏறினால் பின்னால் திருத்துவது கடினம்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் நான் சொல்லவேண்டியிருக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து மறுபடி மறுபடி பேசவைப்பதும், சம்பந்தப்பட்டவரை அழைத்து நியாயம் கேட்பதும் கூடவே கூடாது. நியாயம் கேட்கப் போவது அவருக்கு நீங்களே கொடுக்கும் எச்சரிக்கை. அவர் தடயத்தை அழிப்பார், பிள்ளையை மிரட்டுவார்.

யாரை அழைப்பது

இப்போது அடி விழுகிறது, பிள்ளை காயப்பட்டிருக்கிறது, அல்லது இன்றிரவு அந்த ஆளோடு அதே வீட்டில் தங்கவேண்டும் என்றால் 999. பேச முடியாத நிலை என்றால் 70999 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ். எஸ்எம்எஸ்ஸில் புளோக் எண், தெரு, மாடி, வீட்டு எண் முதலில் வரட்டும், நடப்பதைப் பிறகு எழுதலாம். பாதியில் தொலைபேசி பறிக்கப்பட்டாலும் முகவரி போய்ச் சேர்ந்திருக்கும்.

உடனடி ஆபத்து இல்லை, ஆனால் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்றால் 1800-777-0000. வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான இந்தத் தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்கும். அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். இணையம்வழிப் புகார் செய்ய சிங்பாஸ் வேண்டும், சிங்பாஸ் 15 வயதிலிருந்துதான் கிடைக்கும். எனவே சிறு பிள்ளைக்கு அந்த வழி இல்லை, அவசரத்துக்கும் அது ஏற்றதல்ல. பள்ளி ஆலோசகரிடம் சொல்வதும் நல்ல வழி. எந்தத் தகவலை எங்கே அனுப்புவது என்பதற்குப் பள்ளிகளிடமும் மருத்துவமனைகளிடமும் அமைச்சு தந்த வழிகாட்டிகள் உள்ளன.

பிள்ளை தனியாகவே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். அதற்குப் பெற்றோரின் கையெழுத்து தேவையில்லை.

அழைப்பை எடுப்பவர் கேட்கக்கூடியவை இவை: சரியான முகவரி, பிள்ளையின் வயது, காயம் உண்டா, அந்த ஆள் வீட்டில் இருக்கிறாரா, கையில் ஆயுதம் உண்டா, குடித்திருக்கிறாரா, வேறு பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களா. ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். மொழிக்கு வழி செய்வதற்குள் முகவரியையாவது கொடுத்துவிடுங்கள்.

கதவைத் தட்டிய பிறகு

முதலில் வருபவர்கள் சீருடையில் இருக்கும் ரோந்து அதிகாரிகள். அவர்களின் முதல் வேலை சண்டையை நிறுத்தி ஆட்களைப் பிரிப்பது. ஒருவர் படுக்கையறையில், ஒருவர் வரவேற்பறையில், பிள்ளை வெளியே தாழ்வாரத்தில் என்று தனித்தனியாகப் பேசுவார்கள். பிள்ளையோடு பேசும்போது சந்தேகத்துக்குரியவரை அருகில் விடமாட்டார்கள். அம்மாவையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லலாம். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு சத்தம் போடுகிற அம்மாக்கள் உண்டு. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசும் பிள்ளை, அம்மா அழுதால் நிறுத்திவிடும். அதனால்தான் இந்தப் பிரிப்பு.

வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். உடைந்த பொருள், பிரம்பு, பெல்ட், இரத்தக் கறை எதுவானாலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கூட்டிப் பெருக்காதீர்கள். போலிஸ் வருகிறது என்று வீட்டைச் சுத்தம் செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. அன்றைக்கு மட்டும் அது வேண்டாம்.

ஆபத்து கடுமையாக இருந்தால் அமைச்சின் குடும்ப வன்முறை அவசரக் குழு சம்பவ இடத்துக்கே வரும். 2023இல் தொடங்கிய இந்தக் குழுவில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், காவல்துறையோடு சேர்ந்து செயல்படுகிறார்கள். 2025 ஜனவரி 2 முதல் இந்த அதிகாரிகளுக்கு ஒரு புதிய அதிகாரமும் உண்டு. ஆபத்து உடனடியானது என்று கண்டால், நீதிமன்றத்துக்குக் காத்திராமல், கொடுமை செய்பவரைத் தடுக்கும் அவசர உத்தரவு பிறப்பிக்கலாம். அது 14 நாள் வரை செல்லும், அதற்குள் நீதிமன்றத்தில் நிலையான உத்தரவு கேட்கலாம்.

கைது உண்டா இல்லையா என்பது குற்றத்தின் தன்மை, காயம், ஆபத்து இவற்றைப் பொறுத்தது. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும், இல்லையென்றால் விடவேண்டும். பிணையில் வெளியே வந்தால், பிள்ளையைத் தொடர்புகொள்ளக்கூடாது என்ற நிபந்தனை வைக்கப்படலாம். நிபந்தனை என்ன என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை பேசவிடுங்கள்" என்று உறவுக்காரர் மூலம் தூது வருவதும் அந்த நிபந்தனையை மீறுவதாகலாம். வந்தால் உடனே தெரிவியுங்கள்.

வாக்குமூலம்

2025 ஜனவரியில் காவல்துறை, பாலியல் குற்றங்களுக்கும் குடும்ப வன்முறைக்கும் சேர்த்துத் தனித் தளபத்தியம், அதாவது சிறப்புப் பிரிவு, ஒன்றை அமைத்தது. கடுமையான வழக்குகள் இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்களிடம் போகின்றன. குடும்பத்துக்குள் நடந்த பாலியல் கொடுமை என்றால் காவல்துறை அதிகாரியும் அமைச்சின் அதிகாரியும் மருத்துவமனையில் ஒரே அமர்வில் பிள்ளையிடம் கேட்பதற்கும், மருத்துவப் பரிசோதனையை அங்கேயே முடிப்பதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. போலிஸிடம் ஒரு முறை, மருத்துவரிடம் ஒரு முறை, சமூகப் பணியாளரிடம் ஒரு முறை என்று பிள்ளை அதே கொடுமையை நான்கைந்து தடவை சொல்லவேண்டியிருந்த நிலையைக் குறைக்கத்தான் இது வந்தது.

பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டியவை: தெரியாததற்குத் "தெரியாது" என்று சொல்லலாம். ஞாபகம் இல்லை என்றால் ஊகிக்கவேண்டாம். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். தண்ணீர், கழிப்பறை, சிறிது ஓய்வு எல்லாம் கேட்கலாம். என்ன சொல்லவேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒத்திகை பார்த்த பேச்சை அனுபவமுள்ள அதிகாரி உடனே கண்டுகொள்வார், உண்மையாக நடந்ததன் மீதும் சந்தேகம் விழும்.

எழுதிய வாக்குமூலம் வாசித்துக் காட்டப்படும். ஆங்கிலம் புரியாதவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்படும். தவறாக எழுதப்பட்டதைக் கையெழுத்துக்கு முன் திருத்தச் சொல்லலாம். பிள்ளை தமிழில் பேச விரும்பினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அத்தையோ அண்ணனோ மொழிபெயர்க்க முன்வரவேண்டாம். குடும்பத்து ஆள் நடுவில் இருந்தால் பிள்ளை பாதியை விழுங்கிவிடும், நீதிமன்றத்திலும் அந்த மொழிபெயர்ப்பைக் கேள்வி கேட்பார்கள்.

கிளம்பும் முன் புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயர், தொடர்பு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் பின்னால் அழைத்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்கவேண்டிவரும்.

மருத்துவப் பரிசோதனை

பாலியல் வன்முறை நடந்து 72 மணி நேரத்துக்குள் போனால் உடலிலிருந்து தடயம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள்தான் தொடங்கவேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் பரிசோதனைக்கு முன் குளிக்கவேண்டாம், உடை மாற்றவேண்டாம், பல் துலக்கவேண்டாம். மாற்றியிருந்தால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும், மூன்று நாள் தாண்டிவிட்டாலும் போவதை விடாதீர்கள். ஆறிய காயத்தையும் மருத்துவர் பதிவு செய்வார், சிகிச்சையும் தேவைப்படலாம்.

அடிபட்ட காயம் என்றால் அன்றே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டுங்கள். சிவந்திருந்த இடம் நாளை நீலமாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறி மறைந்துவிடும். அதிகாரிகள் வருவதற்குள் படம் எடுக்கவேண்டியிருந்தால், கைகால், முதுகுக் காயங்களை மட்டும் அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். அந்தரங்க உறுப்புகளைப் படமெடுக்கவேண்டாம். தொலைபேசியில் ஆபாசப் படமோ செய்தியோ இருந்தால், ஆதாரம் என்று நினைத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே தனிக் குற்றம். தொலைபேசியை அப்படியே அதிகாரியிடம் கொடுங்கள்.

பெற்றோர் சம்மதிக்காவிட்டாலும் பிள்ளையை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சட்டப்படி அதிகாரம் உள்ளது.

இன்றிரவு பிள்ளை எங்கே

பாதுகாப்புச் சேவை அதிகாரி முதலில் பார்ப்பது, பிள்ளை வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்க வழி உண்டா என்பதை. கொடுமை செய்தவர் வீட்டைவிட்டு விலகி, பாதுகாக்கக்கூடிய பெரியவர் ஒருவர் உடனிருந்தால், எழுத்து மூலமான பாதுகாப்புத் திட்டத்தோடு பிள்ளை அங்கேயே இருக்கலாம். அது முடியாவிட்டால் பாட்டி, பெரியம்மா போன்ற நெருங்கிய உறவு. அதுவும் இல்லையென்றால்தான் வளர்ப்புக் குடும்பம் அல்லது சிறார் இல்லம்.

இங்கே உறவினர்கள் செய்யக்கூடிய உதவி பெரியது. பிள்ளையை வைத்துக்கொள்ளத் தயார் என்றால் அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை எங்கே தூங்கும், பள்ளிக்கு யார் கொண்டுவிடுவது என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்டவர் வந்தால் உள்ளே விடமாட்டீர்களா என்பதும் முக்கியமான கேள்வி. "என் சொந்தத் தம்பியை எப்படி வாசலில் நிறுத்துவது" என்று தயங்குகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்கமாட்டார்கள்.

பிள்ளையை வீட்டிலிருந்து அகற்றினால், மூன்று வேலை நாட்களுக்குள் இளையர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரவேண்டும். அதன் பிறகு பிள்ளை எங்கே, எவ்வளவு காலம் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். பெற்றோரும் தங்கள் தரப்பைச் சொல்லலாம். பாதுகாப்பு மீண்டால் பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்க்கவே பார்ப்பார்கள்.

இன்னொன்று. வன்முறை செய்யக்கூடாது என்று நீதிமன்றம் ஒருவருக்கு இடும் கட்டளைதான் தனிநபர் பாதுகாப்பு ஆணை. அதற்கு 18 வயதானவர் தாமே விண்ணப்பிக்கலாம், முன்பு அது 21 ஆக இருந்தது. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்காகப் பெரியவர் ஒருவர் விண்ணப்பிக்கவேண்டும். ஆணையை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் உண்டு.

விசாரணை நீளும் மாதங்களில்

கைத்தொலைபேசிகள், பள்ளிப் பதிவுகள், மருத்துவ அறிக்கை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எல்லாம் சேரும். குற்றம் சாட்டுவதா என்பதைத் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் தீர்மானிக்கும். புகார் கொடுத்தவர் "மன்னித்துவிட்டோம், வாபஸ்" என்றால் வழக்கு தானாக நின்றுவிடாது. கடுமையான எச்சரிக்கையோடு முடிவதும், போதிய ஆதாரம் இல்லாமல் மேல் நடவடிக்கையின்றி முடிவதும் உண்டு. அப்படி முடிந்தால் பிள்ளை பொய் சொன்னதாக அர்த்தமில்லை. இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அது தானாகப் புரிந்துகொள்ளாது.

நீதிமன்றம்வரை போனால், சாட்சிக் கூண்டில் அந்த ஆள் கண்ணில் படாமல் திரை போடவும், வேறு அறையிலிருந்து காணொளி வழி பேசவும், பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உள்ளது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புளோக் எண்ணையும் பள்ளிப் பெயரையும் போட்டு ஆதரவு திரட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம் குடும்பங்களில் வழக்கைக் கெடுப்பவை பெரும்பாலும் அக்கறையின் பெயரில்தான் வருகின்றன. பிள்ளையை விடுமுறைக்கு என்று ஊருக்கோ ஜொகூருக்கோ அனுப்பிவைப்பது. தாத்தா முன்னிலையில் பஞ்சாயத்து வைத்து மன்னிப்புக் கேட்கவைப்பது. "உன்னால் அப்பா வேலை போய்விடும், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும்" என்று இரவு முழுக்க அழுவது. பிள்ளை சொன்னதை மாற்றிச் சொன்னால், வீட்டில் யார் அதனிடம் என்ன பேசினார்கள் என்பதையும் அதிகாரிகள் கேட்பார்கள். சாட்சியை மிரட்டுவதோ வாக்குமூலத்தை மாற்றத் தூண்டுவதோ தனிக் குற்றமாகலாம்.

கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து இங்கே இருக்கும் அம்மாவுக்குக் கூடுதல் கவலை உண்டு. அவர் வேலை போனால் தன் அட்டையும் போகும் என்ற பயம் கற்பனையல்ல. முதல் நாளே சமூகப் பணியாளரிடம் இதைச் சொல்லுங்கள். அடக்கி வைத்துவிட்டுக் கடைசி வாரத்தில் சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது குறைந்துவிடும். பேவ், டிரான்ஸ் சேஃப் போன்ற நிலையங்கள் குடும்ப வன்முறைக்கென்றே இயங்குகின்றன. அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்திலும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் உதவி கேட்கலாம்.

இதை வாசிப்பது நீயாக இருந்தால்

உனக்குப் 18 வயது ஆகவில்லை, வீட்டில் இது உனக்கே நடக்கிறது என்றால் இந்தப் பகுதி உனக்கு.

நடந்தது உன் தப்பு இல்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தெரியவேண்டும் என்பதில்லை. "வீட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதியை அவர்கள் மெதுவாகக் கேட்பார்கள். பள்ளியில் நீ நம்பும் ஓர் ஆசிரியரையோ ஆலோசகரையோ தேர்ந்தெடு. அவர் நம்பவில்லை என்றால் அத்தோடு நிறுத்தாதே, அடுத்தவரிடம் சொல். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு டிங்கிள் ஃபிரெண்ட் என்ற உதவி எண் உண்டு, 1800-2744-788. மனம் தாங்கவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் எந்த நேரமும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழை.

வீட்டில் உன் தொலைபேசியைச் சோதிப்பார்கள் என்றால் பள்ளியின் தொலைபேசியிலோ தோழியின் தொலைபேசியிலோ அழை. உன் வீட்டு முகவரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள். சண்டை தொடங்கினால் சமையலறைக்கோ குளியலறைக்கோ ஓடாதே. கத்தி இருக்கும் இடமும் வெளியேற வழியில்லாத இடமும் ஆபத்தானவை. வாசல் பக்கம் போ, முடிந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாவிட்டால் நீ முதலில் வெளியே வந்து 999ஐ அழை. அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அழைப்பிலேயே சொல்.